உயர்நிலைப் பள்ளியில் கணிப்பொறி அறிவியல்: இயந்திரமும் ஆசிரியரும்

1984-85ஆம் ஆண்டில் மத்திய அரசின் மின்னணுத் துறையும் கல்வித் துறையும் இணைந்து, நாட்டின் ஏறத்தாழ 250 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு புதிய முயற்சியைத் தொடங்கின. பள்ளிகளில் கணிப்பொறி அறிவைப் பரப்புவதற்கான அத்திட்டம் 'கிளாஸ்' என்னும் சுருக்கப் பெயரால் அறியப்பட்டது. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனத்தின் கல்வித் திட்டத்திற்காக அந்நாட்டின் ஏக்கார்ன் நிறுவனம் வடிவமைத்த 'பி.பி.சி. மைக்ரோ' என்னும் சிறு கணிப்பொறிகள் இதன் பொருட்டு வரவழைக்கப்பட்டன. அவற்றின் நினைவகம் 32 கிலோபைட் அளவே கொண்டது. இன்று ஒரு சாதாரணக் கைப்பேசியில் எடுக்கப்படும் ஒரேயொரு நிழற்படம்கூட அதனுள் அடங்காது. ஆயினும் அந்த இயந்திரத்தை இயக்கியவுடன் திரையில் தோன்றுவது 'பேசிக்' மொழிதான். எதையேனும் செய்விக்க வேண்டுமாயின் மாணவனே கட்டளை எழுதியாக வேண்டும். அவ்வகையில் அது நல்லதொரு கல்விக் கருவியாகவே இருந்தது.

நாளடைவில் 12,000 இயந்திரங்கள் பெறப்பட்டு, மாநில அரசுகளின் வாயிலாக 2,598 பள்ளிகளுக்கு அளிக்கப்பட்டன. பள்ளி ஒன்றுக்குச் சராசரியாக ஐந்துக்கும் குறைவு. எட்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் இது மத்திய அரசின் நிதியுதவி பெறும் திட்டமாக விரிவாக்கப்பட்டு, மேலும் 2,371 பள்ளிகளுக்குப் புதிய இயந்திரங்கள் வழங்கப்பட்டன. 2004 டிசம்பரில் பள்ளிகளில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்திற்கான திட்டம் பிறந்தது. 2010இல் அது திருத்தியமைக்கப்பட்டது. 2018இல் 'சமக்ர சிக்ஷா' என்னும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தினுள் இணைக்கப்பட்டது. ஆக, நாற்பது ஆண்டுகளில் பள்ளிகளுக்குக் கணிப்பொறி வாங்கும் பணியை நாம் பலமுறை செய்திருக்கிறோம். அதற்கான விதிமுறைகளையும் நன்கு வகுத்து வைத்திருக்கிறோம். அவ்வியந்திரத்தின் முன் நின்று பாடம் சொல்லப் போவது யார் என்ற கேள்விக்குத்தான் ஒவ்வொரு முறையும் தற்காலிகமானதொரு விடை அளிக்கப்பட்டு வந்துள்ளது.

ஒரு பாடம் பள்ளியில் நிலைபெற மூன்று ஏற்பாடுகள் வேண்டும்: கால அட்டவணையில் ஓர் இடம், தேர்வில் ஒரு மதிப்பெண், அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் ஓர் ஆசிரியர். கணிதத்திற்கும் வரலாற்றுக்கும் இம்மூன்றும் உண்டு. கணிப்பொறிக்கு இவற்றுள் ஒன்றோ இரண்டோ மட்டும் கிடைத்துவருகின்றன. 'கிளாஸ்' திட்டத்தின் தொடக்க காலத்தில் அந்த ஒன்றுகூட இருக்கவில்லை. கணிதமோ அறிவியலோ கற்பித்துவந்த ஆசிரியர்களுக்கே சில வாரப் பயிற்சி அளிக்கப்பட்டது. தம் வழக்கமான வகுப்புகள் போக எஞ்சிய நேரத்தில் அவர்கள் இதையும் கவனித்துக்கொள்ள வேண்டும். தேர்வில் இடம்பெறாத, கால அட்டவணையின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்த ஒரு பாடத்திற்காகப் பெற்றோரும் பரிந்து பேசவில்லை. தலைமையாசிரியரும் பரிந்து பேசவில்லை.

இயக்குவதும் அறிவதும்

மேலே செல்லுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். கணிப்பொறியை இயக்கத் தெரிந்திருப்பது வேறு, கணிப்பொறி அறிவியல் கற்பது வேறு. கடிதம் தட்டச்சு செய்தல், கணக்குப் பட்டியல் தயாரித்தல், இணையத்தில் தேடுதல் ஆகியவை பயனுள்ள திறன்கள். அவற்றை ஓரிரு திங்களில் கற்றுக்கொள்ளலாம். கைப்பேசியுடனேயே வளரும் இன்றைய சிறுவர்கள் அவற்றுள் பாதியைப் பள்ளிக்கு வருமுன்பே அறிந்திருக்கிறார்கள். கணிப்பொறி அறிவியலோ ஒரு சிக்கலைச் சிறுசிறு படிகளாகப் பகுத்து, அப்படிகளைப் பிழையின்றி வரிசைப்படுத்தி, அவ்வரிசை எத்தனை காலத்தில் முடியும் என்பதையும் முன்கூட்டியே கணிக்கும் துறை. அதன் அடிப்படைகளைக் கற்பிக்கக் கரும்பலகையே பெரும்பாலும் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். ஒரு நியாய விலைக் கடையில் 1,000 குடும்ப அட்டைதாரர்களின் பெயர்கள் ஒரு பதிவேட்டில் உள்ளன என வைத்துக்கொள்வோம். பெயர்கள் எவ்வித ஒழுங்குமின்றி எழுதப்பட்டிருந்தால், குறிப்பிட்ட ஒருவரின் பெயரைக் கண்டறிய முதலிலிருந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும். சராசரியாக 500 பெயர்களைப் படிக்க நேரும். அதே பெயர்கள் அகரவரிசையில் இருந்தால் நடுப்பக்கத்தைத் திறந்து, தேடும் பெயர் அதற்கு முன்னா பின்னா என்று பார்த்து, ஒரு பாதியை முற்றிலும் ஒதுக்கிவிடலாம். எஞ்சிய பாதியிலும் அவ்வாறே செய்யலாம். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துச் சென்றால் அதிகபட்சம் 10 பெயர்களைப் பார்ப்பதற்குள் விடை கிட்டிவிடும். பெயர்கள் ஒரு லட்சமானால் 17 முறை. பத்து லட்சமானால் 20 முறை. பட்டியல் ஆயிரம் மடங்கு பெருகியும் உழைப்பு இருமடங்குதான் ஆகிறது.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் செய்துகாட்டினால் அவர்கள் முகத்தில் தோன்றும் வியப்பை எந்த ஆசிரியரும் அறிவார். அத்தோடு பாடம் முடிந்துவிடுவதில்லை. புதிய அட்டைதாரர் ஒருவர் வந்தால் அவர் பெயரை எங்கே எழுதுவது? கடைசியில் சேர்த்தால் அகரவரிசை குலைகிறது. உரிய இடத்தில் செருகினால் பின்னுள்ள அனைத்தையும் நகர்த்த வேண்டியிருக்கிறது. தேடுவதற்கு எளிதான ஏற்பாடு சேர்ப்பதற்குக் கடினமாகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு சமரசம் காண வேண்டும். தரவுகளை எவ்வாறு அடுக்கி வைப்பது என்னும் பெரும்பிரிவு முழுவதும் இக்கேள்வியிலிருந்தே கிளைக்கிறது. இதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. இக்கேள்வியை வகுப்பில் எழுப்பத் தெரிந்த ஒருவர் தேவை.

இவ்வேறுபாட்டை உணரத் தவறியது நம் நாடு மட்டுமன்று. 'பி.பி.சி. மைக்ரோ'வை உலகிற்கு அளித்த இங்கிலாந்திலேயே, காலப்போக்கில் பள்ளிப் பாடம் அலுவலக மென்பொருள்களை இயக்கும் பயிற்சியாகச் சுருங்கிப்போயிற்று. 2012 ஜனவரியில் அந்நாட்டின் ராயல் சொசைட்டி இதைக் கண்டித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 2014 செப்டம்பரிலிருந்து அங்கே பாடத்திட்டம் மாற்றப்பட்டு, நிரல் எழுதுதல் தொடக்க வகுப்பிலிருந்தே இடம்பெறலாயிற்று.

ஆய்வுக்கூடத்தின் கணக்கு

பள்ளிகளில் போதிய கணிப்பொறிகள் இல்லை என்பதே பொதுவாகக் கூறப்படும் குறை. 2024-25ஆம் ஆண்டிற்கான மத்தியக் கல்வி அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி நாட்டில் 14.71 லட்சம் பள்ளிகள் உள்ளன; அவற்றுள் 64.7 சதவீதப் பள்ளிகளில் கணிப்பொறி வசதியும் 63.5 சதவீதப் பள்ளிகளில் இணைய வசதியும் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் இவை முறையே 57.2, 53.9 சதவீதம். தொடக்கப் பள்ளிகளையும் உள்ளடக்கிய எண்கள் இவை என்பதை நினைவிற்கொண்டால் முன்னேற்றம் மெச்சத்தக்கதே. ஆனால் ஒரு பள்ளியில் கணிப்பொறி இருக்கிறது என்ற பதிவு, அங்கே அவ்வாரம் கணிப்பொறிப் பாடம் நடந்தது என்பதற்குச் சான்றாகிவிடாது.

ஆறு முதல் பத்து வரை வகுப்புக்கு இரு பிரிவுகளாக, பிரிவுக்கு 40 பேராக, 400 மாணவர்கள் பயிலும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கே 10 கணிப்பொறிகள் கொண்ட ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் வாரத்தில் இரண்டு பாடவேளைகள் என்றால், பத்துப் பிரிவுகளுக்கும் 20 பாடவேளைகள். நாளொன்றுக்கு எட்டாக, ஐந்து நாள்களுக்கு வாரத்தில் மொத்தம் 40 பாடவேளைகள் உள்ளன. ஆகவே ஆய்வுக்கூடம் பாதி நேரம் காலியாகவே இருக்கும். ஒரு கணிப்பொறிக்கு நான்கு மாணவர்கள். 40 நிமிடப் பாடவேளையில் ஒருவர் விசைப்பலகையைத் தொடும் நேரம் 10 நிமிடம். வாரத்திற்கு 20 நிமிடம். ஆண்டில் 30 வாரங்கள் எனக் கொண்டால் 10 மணி நேரம்.

பத்து மணி நேரம் குறைவுதான். இயந்திரங்களை இருமடங்காக்கினால் அது 20 மணி நேரமாகும் என்பதும் உண்மைதான். ஆயினும் எஞ்சிய நேரம் வீண்போக வேண்டியதில்லை. ஒருவன் நிரலைத் தட்டச்சு செய்யும்போது மற்ற மூவரும், தாளில் முன்னரே எழுதிக்கொண்டுவந்த நிரலோடு அதை ஒப்பிட்டு, எந்த வரியில் எந்த மாறியின் மதிப்பு என்னவாகும் என்று சொல்லிக்கொண்டே வரலாம். நல்ல நிரலர்கள் பலர் பிழை கண்டறியக் கற்றது இவ்வாறு அடுத்தவர் தோளுக்குப் பின்னால் நின்றுதான். ஆனால் தாளில் எழுதிவரச் சொல்லவும், எழுதியதைத் திருத்தவும், நால்வரையும் முறைவைத்து அமர்த்தவும் அங்கே ஒருவர் இருக்க வேண்டுமல்லவா? வாரத்தில் 20 பாடவேளை ஆய்வுக்கூடத்தில் நிற்கக்கூடிய ஒருவர் இல்லையாயின், 10 இயந்திரங்கள் இருந்தாலும் 20 இருந்தாலும் மாணவனுக்குக் கிடைப்பது சுழியமே.

பொருளாதாரத்தில் இத்தகையவற்றைத் துணைப்பண்டங்கள் என்போம். மாடில்லாத வீட்டிற்கு இரண்டாவது ஏர் வாங்கித் தருவதால் உழவு கூடிவிடாது.

முதலீட்டுச் செலவும் தொடர்செலவும்

இவ்வளவு தெளிவானதொன்று ஏன் மீண்டும் மீண்டும் கவனத்திலிருந்து நழுவுகிறது? விடை நம் நிதி நடைமுறையிலேயே இருக்கிறது. இயந்திரம் வாங்குவது ஒருமுறைச் செலவு. ஒப்பந்தப்புள்ளி கோரி, கொள்முதல் செய்து, மார்ச் 31ஆம் நாளுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பிவிடலாம். இத்தனை பள்ளிகளில் இத்தனை இயந்திரங்கள் என்று ஆண்டறிக்கையிலும் காட்டலாம். ஆசிரியர் பணியிடமோ முப்பது ஆண்டுக் கடப்பாடு. அதன்பின் ஓய்வூதியமும் உண்டு. எந்த நிதித் துறையும் அதை எளிதில் ஏற்பதில்லை; ஏற்கத் தயங்குவதில் நியாயமும் இல்லாமலில்லை. இவ்விரு செலவுகளுக்கும் இடையே ஒரு குறுக்குவழி தேடும் முயற்சியிலேயே தனியார் ஒப்பந்த முறை உருவாயிற்று.

2004ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ்ப் பல மாநிலங்கள் பின்பற்றிய இம்முறைப்படி, ஒரு நிறுவனம் ஆய்வுக்கூடத்தைத் தன் செலவில் நிறுவி, குறிப்பிட்ட சில ஆண்டுகள் தானே பராமரித்து நடத்தி, ஒப்பந்த முடிவில் பள்ளியிடம் ஒப்படைத்துவிடும். பயிற்றுநரும் அந்நிறுவனத்தின் ஊழியரே. ஒப்பந்தக் காலத்தில் பாடம் ஓரளவு நடைபெறும். காலம் முடிந்ததும் நிறுவனம் விலகும்; பயிற்றுநரும் செல்வார். ஐந்தாண்டு பழகிய இயந்திரங்களும் ஒரு பூட்டும் சாவியும் தலைமையாசிரியரிடம் வந்து சேரும். களவுபோனால் தாமே பொறுப்பு என்பதால் அவர் அறையைப் பூட்டி வைப்பதில் வியப்பில்லை. நாட்டின் பல பகுதிகளிலும் பள்ளி ஆய்வுக்கூடங்கள் பூட்டிக் கிடப்பதாக நாம் கேள்விப்படுவதன் பின்னணி பெரும்பாலும் இதுவே. இதில் எவருடைய சோம்பலும் இல்லை. ஏற்பாடே அவ்விதம் அமைந்தது.

இன்றைய நிலையை எண்களில் பார்க்கலாம். 'சமக்ர சிக்ஷா' திட்டத்தின்கீழ் ஓர் ஆய்வுக்கூடத்திற்கு ஒருமுறை மானியமாக 6.40 லட்சம் ரூபாய் வரையிலும், தொடர்செலவுக்காக ஆண்டுக்கு 2.40 லட்சம் ரூபாய் வீதம் ஐந்தாண்டுகளுக்கும் அனுமதிக்கப்படுகிறது. ஐந்தாண்டுகளில் மொத்தம் 18.40 லட்சம் ரூபாய். இதில் தொடர்செலவின் பங்கு 65 சதவீதம். நாம் மேலே கண்ட 400 மாணவர் பள்ளிக்கு இது தலைக்கு ஆண்டொன்றுக்கு 920 ரூபாய். அதிகம் என்று சொல்ல இயலாது. தொடர்செலவுக்கு முதன்மை அளித்திருப்பதும் பழைய திட்டங்களைவிடச் சிறந்த அணுகுமுறையே. ஆனால் 2.40 லட்சம் என்பது மாதத்திற்கு 20,000 ரூபாய்தான். மின்கட்டணம், இணையம், பழுதுபார்ப்பு, பயிற்றுநர் ஊதியம் அனைத்தும் இதனுள் அடங்க வேண்டும்.

கேந்திரிய வித்யாலயத்தில் ஒரு பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம், ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி, 44,900 ரூபாய். படிகள் நீங்கலாக ஆண்டுக்கு 5.39 லட்சம். கணிப்பொறி அறிவியலில் பட்டம் பெற்ற ஒருவரை, தனியார் மென்பொருள் நிறுவனங்களுடன் போட்டியிட்டுப் பள்ளிக்கு ஈர்க்க வேண்டுமாயின் இந்த ஊதியமே கீழ் எல்லை. 20,000 ரூபாயில் ஒரு பகுதியைக் கொடுத்து, பணி நிரந்தரமில்லை என்றும் சொல்லி, எத்தகையவரை எத்தனை நாள் வைத்திருக்க முடியும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அப்பணியில் சேர்ந்து, குறைந்த ஊதியத்திலும் பாடத்தை விரும்பிக் கற்பிக்கும் இளைஞர்களும் இளம்பெண்களும் நாடெங்கும் உள்ளனர். அவர்களுடைய நல்லெண்ணத்தின் மீது ஒரு பாடத்தையே கட்டி எழுப்புவது நல்ல திட்டமாகாது.

கேரளத்தின் வழி

இச்சிக்கலுக்குக் கேரளம் வேறொரு விடை கண்டது. 2001இல் அங்கே 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. கணிப்பொறிக்கெனத் தனி ஆசிரியர்களை நியமிக்காமல், ஏற்கெனவே நிரந்தரப் பணியிலிருந்த பாட ஆசிரியர்களையே அம்மாநிலம் இதற்குத் தயார்செய்தது. கணிப்பொறியில் ஈடுபாடு கொண்ட பள்ளி ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் பிற ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தனர். ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர் ஒருவர் ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தகவல் தொழில்நுட்பம் ஒரு கட்டாயப் பாடமாகச் சேர்க்கப்பட்டது; தேர்வும் கணிப்பொறியின் முன் அமர்ந்து செய்முறையாக எழுதும் தேர்வு. தேர்வு என்று வந்துவிட்டால் ஆய்வுக்கூடத்தைப் பூட்டி வைக்க எந்தத் தலைமையாசிரியராலும் இயலாது! பெற்றோரே கேட்டுவிடுவார்கள்.

மற்றொரு முடிவும் அங்கே எடுக்கப்பட்டது. உரிமக் கட்டணம் தேவைப்படாத கட்டற்ற மென்பொருள்களையே பள்ளிகள் பயன்படுத்த வேண்டும் என்பது அது. இதனால் உரிமக் கட்டணம் மிச்சமானதோடு, மலையாளத்தில் இயங்குமாறு மென்பொருளை மாற்றியமைக்கவும், பாடத்திட்டத்திற்கேற்பத் தாமே தொகுத்துப் பள்ளிகளுக்கு வழங்கவும் முடிந்தது. 2017இல் இத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருமாறியது. 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் சங்கங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் தோற்றுவிக்கப்பட்டன. எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்காக 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகள் நவீனக் கருவிகளோடு அமைக்கப்பட்டன. கருவிகள் இவ்வளவு பெருமளவில் வந்தது, ஆசிரியர்களும் தேர்வும் நிலைபெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பிறகே என்பதைக் கவனிக்க வேண்டும். பிற இடங்களில் வரிசை தலைகீழாக இருந்தது.

கேரளத்தின் வழியை அப்படியே பெயர்த்தெடுத்துப் பிற மாநிலங்களில் நடுவது எளிதன்று. பாட ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பியிருந்தால்தான் அவர்களுள் ஒருவருக்குக் கூடுதலாக இப்பொறுப்பை அளிக்க முடியும். கணித ஆசிரியர் பணியிடமே காலியாகக் கிடக்கும் பள்ளியில் கணிப்பொறிக்கு யாரை அனுப்புவது? மேலும், பாட ஆசிரியர்களைக் கொண்டு பத்தாம் வகுப்பு வரை நன்கு நடத்தலாம். மேல்நிலை வகுப்புகளுக்கு அத்துறையிலேயே பட்டம் பெற்றவர்கள்தாம் வேண்டும்.

மேல்நிலை வகுப்புகளில்

பதினொன்றாம் வகுப்பில்தான் இப்பாடம் முழு உருவில் மாணவனைச் சந்திக்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30 என மதிப்பெண்கள் பகிரப்பட்டுள்ளன. எழுத்துத் தேர்வின் 70இல் 40 கணிப்பொறிச் சிந்தனைக்கும் நிரலாக்கத்திற்கும் உரியது, 20 தரவுத்தள மேலாண்மைக்கு, 10 வலையமைப்புகளுக்கு. நெடுங்காலம் 'சி பிளஸ் பிளஸ்' மொழி கற்பிக்கப்பட்டுவந்தது. இப்போது அதன் இடத்தில் 'பைத்தான்' வந்துள்ளது. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு பதினொன்றாம் வகுப்புக்கு 2019இலும் பன்னிரண்டாம் வகுப்புக்கு 2020இலும் பாடநூல்களை வெளியிட்டது. பாடத்திட்டத்தைக் குறை கூற அதிகமில்லை. கேந்திரிய வித்யாலயங்களில் இதற்கென முதுநிலை ஆசிரியர் பணியிடங்களும் உள்ளன.

ஆனால் அத்தகைய பணியிடம் இல்லாத அரசுப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புத் தேறிய மாணவியை நினைத்துப் பாருங்கள். கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். கணிப்பொறி அறிவியல் படிக்க விரும்புகிறாள். அவளுடைய பள்ளியில் அப்பாடமே இல்லை. அடுத்த ஊரில் இருக்கலாம். பேருந்து வசதியையும் மாலையில் திரும்பும் நேரத்தையும் எண்ணி வீட்டார் தயங்குவர். அவள் வேறு பிரிவில் சேர்கிறாள். ஒருவேளை இரண்டாண்டுகள் கழித்துப் பொறியியல் கல்லூரியில் கணிப்பொறிப் பிரிவு கிடைத்தாலும், அங்கே அருகில் அமர்ந்திருக்கும் நகரத்து மாணவன் ஏற்கெனவே இரண்டாண்டுகள் நிரல் எழுதியவனாக இருப்பான். கல்லூரிப் பாடம் முதலிலிருந்தே தொடங்குகிறது என்பது ஏட்டளவில் உண்மை. வேகம் என்னவோ அவனுக்கு ஏற்றதாகவே அமைந்துவிடுகிறது.

பொறியியல் நுழைவுத் தேர்வுகளில் இயற்பியலும் வேதியியலும் கணிதமுமே கேட்கப்படுகின்றன. ஆதலால் பள்ளியில் கணிப்பொறி அறிவியல் இல்லாதது ஓர் இழப்பன்று என வாதிப்போர் உண்டு. சேர்க்கையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் எல்லா மாணவர்களும் பொறியாளராகப் போவதில்லை. கணக்கியல் படிப்பவன், செவிலியாகப் போகிறவள், வேளாண் அலுவலராகப் போகிறவர் என அனைவரும் தரவுத்தளங்களோடு தம் பணிக்காலம் முழுவதும் மல்லாட வேண்டியவர்கள். அவர்களுக்கு இதைக் கற்கும் வாய்ப்பு உயர்நிலைப் பள்ளியைத் தவிர வேறெங்கும் இல்லை.

மொழி பற்றிய ஒரு குறிப்பு

தாய்மொழியில் பயிலும் மாணவர்களுக்கு இப்பாடம் கடினம், ஏனெனில் நிரல் மொழிகள் ஆங்கிலத்தில் உள்ளன என்ற கருத்து ஆழ வேரூன்றியிருக்கிறது. 'பைத்தான்' மொழியில் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 35. முப்பத்தைந்து சொற்களைக் கற்பது எந்த மொழி மாணவனுக்கும் ஒரு வாரத்து வேலை. சதுரங்கம் பயில்வோன் காய்களின் பெயர்களைக் கற்பது போன்றது அது. உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. நிரலில் பிழை நேரும்போது கணிப்பொறி காட்டும் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. அது ஏன் வந்தது என்பதை விளக்கும் நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. மாணவன் சிக்கிக்கொள்வது அங்கேதான். அச்செய்தியைப் படித்து, மாணவனின் மொழியில், 'மூன்றாம் வரியில் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டாய்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். 1980களில் வந்த பாட மென்பொருள்கள் பிரித்தானியப் பள்ளிகளை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டவை; நம் மாணவர்களுக்கு அவை அந்நியமாகவே இருந்தன. இன்று இந்திய மொழிகளில் எழுத்துருவும் விசைப்பலகையும் பாடநூலும் உள்ளன. எனினும் பிழைச் செய்தியின் முன் திகைத்து நிற்கும் சிறுவனுக்கு அருகில் இருப்பவர் சொல்லும் ஒரு சொல்லே இப்போதும் உதவுகிறது.

அடுத்த கட்டம்

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளிலிருந்தே நிரலாக்கம் கற்பிக்கப்பட வேண்டும் என்று கூறியது. செயற்கை நுண்ணறிவு என்னும் விருப்பப் பாடத்தை மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019-20இல் ஒன்பதாம் வகுப்பில் தொடங்கியிருந்தது. 2026-27 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பு முதலே செயற்கை நுண்ணறிவும் கணிப்பொறிச் சிந்தனையும் பாடத்திட்டத்தில் இடம்பெறும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. கணிப்பொறிச் சிந்தனை என்ற சொல்லைச் சேர்த்திருப்பது நம்பிக்கை அளிக்கிறது. மேலே கண்ட குடும்ப அட்டைப் பட்டியல் போன்ற பயிற்சிகளை மூன்றாம் வகுப்பில் விளையாட்டாகவே நடத்தலாம். வகுப்பாசிரியருக்கு ஒரு நல்ல கையேடும் சில நாள் பயிற்சியும் போதும். ஆறாம் வகுப்புக்கு மேல்தான் தனி ஆசிரியரின் தேவை எழுகிறது.

எல்லாப் பள்ளிகளுக்கும் உடனடியாகப் பணியிடம் அனுமதிக்க மாநிலங்களால் இயலாது என்பது தெரிந்ததே. ஆனால் 20 பாடவேளை என்ற கணக்கு 400 மாணவர் பள்ளிக்கு உரியது. 200 மாணவர்கள் உள்ள பள்ளிக்குப் பத்துப் பாடவேளை போதும். அருகருகே உள்ள இரு சிறிய பள்ளிகளுக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்தால் அவர் இங்கே மூன்று நாளும் அங்கே இரண்டு நாளுமாக இருபதையும் முடித்துவிடலாம். பள்ளிகளைக் கொத்தாக இணைத்து வசதிகளைப் பகிர்ந்துகொள்ளும் யோசனையை 1964-66ஆம் ஆண்டு கோத்தாரிக் குழுவே கூறியிருந்தது. 2020ஆம் ஆண்டுக் கொள்கையும் அதை வற்புறுத்துகிறது. 5.39 லட்சம் ரூபாய் அடிப்படை ஊதியத்தை இரு பள்ளிகளின் 400 மாணவர்களுக்கு வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 1,350 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பணியிடத்தை ஒரு பள்ளியின் பெயரில் அனுமதித்து, மற்றொரு பள்ளிக்குச் செல்லும் நாள்களுக்குப் பயணப்படியையும் அந்த ஆணையிலேயே சேர்த்துவிடுவது நல்லது. அது விடுபட்டால் ஆசிரியர் தம் கைப்பணத்தில் பேருந்தேற வேண்டியிருக்கும். ஓரிரு திங்களில் இரண்டாவது பள்ளியின் பாடவேளைகள் தாமாகவே குறைந்துவிடும்.